புகையிலை விளம்பரத் தடையும் நிறுவனங்களின் பேச்சுரிமையும்

சிகரெட் தயாரிப்பதும் விற்பதும் பெரும்பாலான நாடுகளில் சட்டத்துக்கு உட்பட்ட தொழில். அதற்கு உரிமம் உண்டு, வரி உண்டு, அந்த வரியை வாங்கிக்கொள்ளும் அரசும் உண்டு. அதே அரசு, அந்தப் பொருளைப் பற்றி அதன் உற்பத்தியாளர் ஊரறியப் பேசக் கூடாது என்றும் சட்டம் போடுகிறது. விற்கலாம், ஆனால் விற்பதாகச் சொல்லக் கூடாது என்பது எப்படி நியாயமாகும்? புகையிலை நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் பல நாட்டு நீதிமன்றங்களில் இந்தக் கேள்வியை முன்வைத்திருக்கிறார்கள். கேள்வி வலுவானது, எளிதில் ஒதுக்கித் தள்ள முடியாதது. அமெரிக்காவும் கனடாவும் இந்தியாவும் அதற்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைச் சொல்லியிருக்கின்றன. வணிக விளம்பரத்துக்குப் பேச்சுரிமை என்ற பாதுகாப்பு யாருக்காகத் தரப்பட்டது என்பதை எந்த நீதிமன்றம் நினைவில் வைத்திருந்தது, எது கைவிட்டது என்று பார்த்தால், இந்த வேறுபாடுகளில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

அமெரிக்காவில் இந்த வரலாறு ஒரு நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து தொடங்குகிறது. கிறிஸ்டென்சன் என்பவர் அமெரிக்கக் கடற்படையின் பழைய நீர்மூழ்கி ஒன்றுக்கு உரிமையாளர். அதை நியூயார்க் கரையில் நிறுத்தி, கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குக் காட்டிவந்தார். அதற்கான துண்டறிக்கைகளைத் தெருவில் கொடுக்கக் கூடாது என்று போலீசார் தடுத்தார்கள். வணிக அறிக்கைகளுக்கு நகர விதியில் இடமில்லை, பொதுப் பிரச்சினை பற்றியது என்றால் கொடுக்கலாம் என்றார்கள். அவர் தாளின் ஒரு பக்கத்தில் கப்பல் விளம்பரத்தையும், மறுபக்கத்தில் கப்பலை நிறுத்த இடம் தர மறுத்த நகரத் துறைக்கு எதிரான கண்டனத்தையும் அச்சடித்துக்கொண்டு வந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1942-இல் நீதிபதிகள் அனைவரும் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். தெருவில் கருத்துச் சொல்லும் உரிமையை அரசு பறிக்க முடியாது, ஆனால் வெறும் வணிக விளம்பரத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்றது தீர்ப்பு. சில பக்கங்களே கொண்ட அந்தத் தீர்ப்பு, இப்படிப் பிரிப்பதற்கான காரணங்களை விரித்துச் சொல்லவில்லை. என்றாலும் அடுத்த 34 ஆண்டுகள் அதுவே சட்டமாக இருந்தது.

சிகரெட் மீதான முதல் கட்டுப்பாடுகள் அந்த இடைவெளியில்தான் வந்தன. 1964 ஜனவரி 11, சனிக்கிழமை, அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெர்ரி, புகைப்பழக்கம் ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்ற ஆய்வுக்குழு அறிக்கையை வெளியிட்டார். பங்குச் சந்தை மூடியிருக்கும் நாள் என்பதாலும், மறுநாள் ஞாயிறு இதழ்களில் செய்தி பரவலாக வரும் என்பதாலும் அந்த நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. மறு ஆண்டே சட்டம் வந்தது. 1966 முதல் ஒவ்வொரு பாக்கெட்டின் மீதும் எச்சரிக்கை வாசகம் ஏறியது. உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடும் என்ற அளவில், மிக மென்மையான வாசகம் அது.

அடுத்த மாற்றம் சட்டமன்றத்திலிருந்து வரவில்லை. ஜான் பான்சாஃப் என்ற இளம் வழக்கறிஞர் 1966-இல் நியூயார்க் தொலைக்காட்சி நிலையம் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். பொதுமக்களிடையே சர்ச்சைக்குள்ளான ஒரு விஷயத்தில் ஒரு தரப்பை ஒளிபரப்பினால் மறுதரப்புக்கும் நேரம் தர வேண்டும் என்ற விதி அப்போது ஒளிபரப்புத் துறையில் இருந்தது. சிகரெட் விளம்பரம் புகைப்பதை இன்பமான பழக்கமாகக் காட்டுகிறது, ஆகவே அதற்கு எதிர்த்தரப்பும் பேச வேண்டும் என்பது அவருடைய வாதம். 1967-இல் ஒளிபரப்பு ஆணையம் அதை ஏற்றது, மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. நாடு முழுவதும் தொலைக்காட்சியில் புகைக்கு எதிரான சிறு படங்கள் இலவசமாக வரத் தொடங்கின. அந்த ஆண்டுகளில் தலைக்கு இத்தனை என்ற கணக்கில் சிகரெட் நுகர்வு குறைந்தது.

புகையிலை நிறுவனங்களுக்கு இது பேரிடி. தாங்கள் விளம்பரம் செய்யச் செய்ய எதிர் விளம்பரமும் கூடவே வருகிறது என்று கண்ட நிறுவனங்கள், ஒளிபரப்பிலிருந்து விலகிக்கொள்ளத் தாமே முன்வந்தன. வானொலி, தொலைக்காட்சி சிகரெட் விளம்பரங்களுக்கு முழுத் தடை விதிக்கும் சட்டத்தில் அதிபர் நிக்சன் 1970 ஏப்ரல் 1 அன்று கையெழுத்திட்டார். தடை 1971 ஜனவரி 2 அன்று நடப்புக்கு வந்தது. புத்தாண்டு நாள் கால்பந்துப் போட்டிகளின் விளம்பர வருமானம் ஒளிபரப்பாளர்களுக்குக் கிடைத்துவிட வேண்டும் என்பதற்காக ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். வழக்குப் போட்டவர்களும் வானொலி நிலையத்தாரே, சிகரெட் நிறுவனங்கள் அல்ல. கீழ்நிலைக் கூட்டரசு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, 1972-இல் உச்ச நீதிமன்றம் விரிவான காரணம் சொல்லாமல் அதை உறுதிசெய்தது.

அந்த வழக்கில் நீதிபதி ஸ்கெல்லி ரைட் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு இன்றும் வாசிக்கத் தக்கது. புகைக்கு எதிரான பேச்சு நன்றாக வேலை செய்துகொண்டிருந்த நேரத்தில் இரு தரப்புப் பேச்சையும் சட்டம் ஒன்றாக அணைத்துவிடுகிறது என்பதே அவருடைய கவலை. அவர் அஞ்சியது நடந்தது. சிகரெட் விளம்பரம் போனதும் மறுதரப்புக்கு நேரம் தர வேண்டிய கடமையும் போயிற்று, எதிர் விளம்பரங்கள் பெருமளவு மறைந்தன. தலைக்கான நுகர்வு சில ஆண்டுகளுக்கு மீண்டும் சற்றே ஏறியது. பேச்சுக்குப் பேச்சு பதிலாவதே சிறந்த மருந்து என்ற பழைய தாராளவாதக் கொள்கை, புகையிலை வரலாற்றில் நேர்மையாகச் சோதிக்கப்பட்ட காலம் அந்த மூன்று நான்கு ஆண்டுகள்தாம். அதை முடித்துவைக்கச் சம்மதித்தவர்கள் பிற்காலத்தில் பேச்சுரிமையின் காவலர்களாக நீதிமன்றம் ஏறியவர்களே.

1942-இன் நிலை 1976-இல் மாறியது. மாற்றிய வழக்கு மருந்துக் கடைகளைப் பற்றியது. வர்ஜீனியா மாநிலத்தில், மருத்துவர் சீட்டுக்குத் தரும் மருந்துகளின் விலையைக் கடைக்காரர் விளம்பரப்படுத்தினால் அது தொழில் ஒழுங்கீனம். இதன் விளைவை நீதிமன்றமே எடுத்துக்காட்டியது: ரிச்மண்ட் நகரில் அக்ரோமைசின் 40 மாத்திரை ஒரு கடையில் 2 டாலர் 59 சென்ட், இன்னொரு கடையில் 6 டாலர். வேறொரு பகுதியில் டெட்ராசைக்ளின் 1 டாலர் 20 சென்டிலிருந்து 9 டாலர் வரை விற்றது. எந்தக் கடையில் மலிவு என்று தெரிந்துகொள்ள நோயாளிக்கு வழியில்லை. வழக்கை நடத்தியவர்கள் மருந்துக் கடைக்காரர்கள் அல்லர் என்பதே முக்கியம். தினமும் மருந்து சாப்பிட வேண்டிய ஒரு நோயாளியும், நுகர்வோர் அமைப்பு ஒன்றும், தொழிற்சங்கக் கூட்டமைப்பும் சேர்ந்து தொடுத்த வழக்கு அது. சொல்ல விரும்பும் ஒருவர் இருக்கும்போது, கேட்க விரும்புகிறவருக்கும் உரிமை உண்டு என்றார்கள். நீதிபதி பிளாக்மன் எழுதிய தீர்ப்பு அதை ஏற்றது. ஏழைக்கும் நோயாளிக்கும் முதியவருக்கும் அன்றைய அரசியல் விவாதத்தைவிட மாத்திரை விலை முக்கியமாக இருக்கலாம் என்ற எளிய உண்மையின் மீது வணிகப் பேச்சுக்கான பாதுகாப்பு எழுந்தது.

ஆக, அதன் அடித்தளம் கேட்பவரின் தேவை. விற்பவர் அதன் வழியாகப் பயனடைகிறார், அவ்வளவுதான். ஆனால் உரிமை ஒன்று பிறந்துவிட்டால் அது யார் கைக்குப் போகும் என்பதை அதைப் பெற்றெடுத்தவர்கள் தீர்மானிக்க முடியாது. நீதிபதி ரென்குவிஸ்ட் தனி ஆளாக நின்று எழுதிய மாறுபட்ட தீர்ப்பில், இந்த வழி திறந்தால் மருந்து விலை மட்டும் வராது, மதுவுக்கும் சிகரெட்டுக்குமான தீவிர விற்பனைப் பிரசாரமும் பின்னால் வரும் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கை பலித்தது.

1980-இல் நியூயார்க் மின் நிறுவனம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வணிகப் பேச்சுக்கான அளவுகோலை வகுத்தது. விளம்பரம் சட்டப்படியான பொருளைப் பற்றியதாகவும் ஏமாற்று இல்லாததாகவும் இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அதைத் தாண்டிய பேச்சை அரசு கட்டுப்படுத்த வேண்டுமானால் அரசின் நோக்கம் முக்கியமானதாக இருக்க வேண்டும், கட்டுப்பாடு அந்த நோக்கத்தை நேரடியாக நிறைவேற்ற வேண்டும், தேவைக்கு மேல் ஒரு அடியும் நீளக் கூடாது. பெயர் தெரியாத ஆயிரம் வழக்குகளில் இந்த அளவுகோல் பயன்பட்டிருக்கிறது. புகையிலை வழக்குகளின் போக்கை முடிவுசெய்தது அதன் கடைசி நிபந்தனை.

அந்தக் காலத்தில் விளம்பரம் எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1988 முதல் கேமல் சிகரெட்டுக்காக அமெரிக்காவில் ஒரு கார்ட்டூன் ஒட்டகம் வந்தது. கறுப்புக் கண்ணாடி அணிந்து, பில்லியர்ட்ஸ் ஆடி, மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் ஜோ கேமல். 1991-இல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் வந்த ஆய்வில் சிறு குழந்தைகளிடம் சின்னங்களின் படங்களைக் கொடுத்து, அவை எந்தப் பொருளுக்கு உரியவை என்று பொருத்தச் சொன்னார்கள். 6 வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ 91 சதவீதம் பேர் ஒட்டகத்தைச் சிகரெட்டோடு சரியாகப் பொருத்தினார்கள். மிக்கி மவுஸையும் ஏறத்தாழ அதே அளவில்தான் அடையாளம் கண்டார்கள். விளம்பரம் பெரியவர்களைப் பார்த்துத்தான் பேசுகிறது, ஏற்கெனவே புகைப்பவர்களை ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதே நோக்கம் என்று நிறுவனங்கள் தொடர்ந்து சொல்லிவந்தன.

1997-இல் ஒட்டகம் விலக்கப்பட்டது. 1998 நவம்பரில் 46 மாநிலங்களும் நான்கு பெரிய நிறுவனங்களும் செய்துகொண்ட உடன்படிக்கையில், 25 ஆண்டுகளில் சுமார் 20,600 கோடி டாலர் தரவும், கார்ட்டூன்களையும் தெருவோர விளம்பரப் பலகைகளையும் கைவிடவும் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. இது சட்டம் அல்ல, ஒப்பந்தம். எனவே இதைப் பேச்சுரிமையின் பெயரால் எதிர்க்க முடியாது. சட்டமன்றம் எழுதியிருந்தால் செல்லாமல் போயிருக்கக்கூடிய கட்டுப்பாடுகள் பல, ஒப்பந்தக் கையெழுத்தின் மூலம் நடைமுறைக்கு வந்தன.

அப்படிச் சட்டமாக எழுதியதற்கு என்ன ஆயிற்று என்பதை மசாசூசெட்ஸ் காட்டியது. அம்மாநிலத்தின் 1999 விதிகள், பள்ளிக்கூடம் அல்லது விளையாட்டுத் திடலிலிருந்து 1,000 அடிக்குள் வெளியில் தெரியும்படி புகையிலை விளம்பரம் கூடாது என்றன. கடைக்குள் வைக்கும் விளம்பரம் தரையிலிருந்து 5 அடிக்குக் கீழே இருக்கக் கூடாது என்றன. 2001-இல் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் எழுதிய தீர்ப்பு இரண்டையும் வீழ்த்தியது. சிகரெட்டைப் பொறுத்தவரை கூட்டரசுச் சட்டம் இருப்பதால் மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை. சுருட்டு, வாயில் அடக்கும் புகையிலை ஆகியவற்றுக்கு, பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் குறுக்கே நின்றது. 1,000 அடி என்ற வட்டத்தை பாஸ்டன், வொர்செஸ்டர், ஸ்பிரிங்ஃபீல்டு நகரங்களின் வரைபடத்தில் வரைந்தால் 87 முதல் 91 சதவீதம் பகுதி அதற்குள் வந்துவிடும், அது கிட்டத்தட்ட முழுத் தடை என்றது நீதிமன்றம். 5 அடி விதிக்குக் கிடைத்த பதில் இன்னும் சுருக்கமானது. எல்லாப் பிள்ளைகளும் 5 அடிக்குக் குறைவு இல்லை, குறைவாக இருப்பவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். பாக்கெட்டுகளைக் கடைக்காரரின் கைக்கு மட்டும் எட்டும்படி வைக்க வேண்டும் என்ற விதி பேச்சைத் தொடவில்லை என்பதால் தப்பித்தது.

வரைபடக் கணக்கில் தவறு இல்லை. ஆனால் 1976-இல் மருந்துக் கடைக்கு வெளியே நின்ற நோயாளியின் இடத்தில், 2001 தீர்ப்பில் யாரும் இல்லை. பள்ளிக்கு எதிரே உள்ள பலகை எந்தத் தகவலைத் தருகிறது, அதை இழந்தால் எந்த வாங்குபவர் என்ன தெரியாமல் தவிப்பார் என்ற கேள்வி அங்கே எடையாகவில்லை. வயது வந்தவருக்குத் தகவல் கிடைக்க வேண்டும் என்ற பொதுவான வாசகத்தோடு அது நின்றுவிட்டது. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் இன்னும் மேலே போய், வணிகப் பேச்சுக்கு வேறு பேச்சைவிடக் குறைந்த பாதுகாப்பே கூடாது என்று தனியாக எழுதினார். கேட்பவரின் உரிமையாகப் பிறந்தது இங்கே முழுக்க விற்பவரின் உரிமையாகிவிட்டது.

பேசவைக்கும் கட்டாயமும் இதே வழியில் சிக்கியது. 2006-இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், புகையிலை நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாகப் பொதுமக்களை ஏமாற்றின என்று நெடிய தீர்ப்பில் நிறுவி, உண்மையைச் சொல்லும் திருத்த அறிக்கைகளை அவர்களே வெளியிட வேண்டும் என்று ஆணையிட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் மேல்முறையீடு நடந்து, அறிக்கைகள் தொலைக்காட்சியிலும் நாளிதழ்களிலும் வந்தபோது ஆண்டு 2017. பாக்கெட்டில் படத்தோடு எச்சரிக்கை வேண்டும் என்ற 2009 சட்டத்தின் கதியும் இதுதான். அரசு தேர்ந்தெடுத்த 9 படங்கள் தகவல் தரவில்லை, உணர்ச்சியைத் தூண்டுகின்றன என்று 2012-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. அதே ஆண்டு இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் படம் கேட்கும் சட்டப் பிரிவு செல்லும் என்றது. புதிய படங்களை மூன்றாவது நீதிமன்றம் 2024-இல் ஏற்றது. அப்போதும் அமெரிக்கப் பாக்கெட்டில் படம் ஏறியிருக்கவில்லை, சட்டம் வந்து 15 ஆண்டு ஆகியிருந்தது.

கனடாவில் இதே போராட்டம் வேறு முடிவுக்கு வந்தது. அங்கே 1982-இன் உரிமைச் சாசனம் கருத்துரிமையைத் தருகிறது, அதன் முதல் பிரிவே சுதந்திரமான மக்களாட்சியில் நியாயப்படுத்தத் தக்க வரம்புகளை அனுமதிக்கிறது. நியாயப்படுத்தும் பொறுப்பு அரசுடையது. 1988-இல் நாடாளுமன்றம் புகையிலை விளம்பரத்தை ஏறக்குறைய முழுவதுமாகத் தடைசெய்தது. பாக்கெட்டில் எச்சரிக்கையும் கட்டாயம், அதை அரசு சொல்கிறது என்று குறிப்பிடவும் நிறுவனத்துக்கு அனுமதி இல்லை. ஆர்.ஜே.ஆர்.-மெக்டொனால்டும் இம்பீரியல் டொபாக்கோவும் வழக்குத் தொடுத்தன. கியூபெக் விசாரணை நீதிமன்றம் 1991-இல் சட்டத்தை ரத்துசெய்தது, மேல்முறையீட்டில் அது மீண்டும் உயிர்பெற்றது, 1995 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் முக்கியப் பிரிவுகளை வீழ்த்தியது.

பெரும்பான்மைக்காக முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பெவர்லி மெக்லாக்லின். விளம்பரத்துக்கும் புகைப்பழக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை அறிவியல் துல்லியத்தோடு நிரூபிக்கத் தேவையில்லை, பொது அறிவும் தர்க்கமும் போதும் என்று அவர் ஏற்றுக்கொண்டார். இடறியது வேறு இடத்தில். வாழ்க்கை முறையைக் காட்டி மயக்கும் விளம்பரமும், தார் அளவை ஒப்பிட்டுச் சொல்லும் வெறும் தகவலும் ஒரே தடைக்குள் ஏன் வர வேண்டும்? பகுதித் தடை ஏன் போதாது? அரசு இதற்கு விடை தரவில்லை. மாற்று வழிகளை ஆராய்ந்த அரசு ஆவணங்கள் இருந்தன, அவற்றை நீதிமன்றத்தில் வைக்க அரசு மறுத்தது. மறைத்த ஆவணம் அரசுக்குச் சாதகமாக இருந்திராது என்று பெரும்பான்மை ஊகித்துக்கொண்டது. சொல்பவர் பெயர் இல்லாத எச்சரிக்கையும் அதே காரணத்தால் வீழ்ந்தது. நல்ல நோக்கமுள்ள அரசு தன் கணக்கை மக்கள் முன் திறந்துகாட்ட மறுத்ததால் தோற்ற வழக்கு இது. அந்தக் கண்டிப்பு சரியானதே.

சிறுபான்மைக்காக எழுதிய நீதிபதி லா ஃபாரஸ்ட் பிரச்சினையின் மையத்தைத் தொட்டார். கருத்துரிமையின் நடுவே உண்மையைத் தேடுதல், அரசியலில் பங்கேற்றல், தன்னை வெளிப்படுத்துதல் ஆகியவை இருக்கின்றன. லாபத்துக்காக அடிமைப்படுத்தும் பொருளை விற்கும் பேச்சு அந்த மையத்திலிருந்து வெகு தொலைவில் நிற்கிறது. இளையவர்களைப் பற்றி நிறுவனங்கள் தாமே எடுத்து வைத்திருந்த சந்தை ஆய்வுகள், விளம்பரம் யாரை நோக்கியது என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன என்றார்.

தோற்ற அரசு தீர்ப்பைப் படித்தது. இந்த முழு வரலாற்றிலும் மெச்சத் தக்க கட்டம் அதுவே. 1997-இல் வந்த புதிய புகையிலைச் சட்டம் தகவல் விளம்பரத்தையும் பிராண்ட் விளம்பரத்தையும் குறிப்பிட்ட இடங்களில் விட்டுவைத்தது. அன்றைய சட்டப்படி, பெயர் குறித்து வயது வந்தவருக்குத் தபாலில் அனுப்பலாம், வாசகர்களில் 85 சதவீதமாவது வயது வந்தவர்களாக உள்ள இதழில் போடலாம், இளையோர் நுழைய முடியாத இடத்தில் வைக்கலாம். கவர்ச்சி, களிப்பு, துணிச்சல் போன்றவற்றோடு சிகரெட்டை இணைக்கும் வாழ்க்கை முறை விளம்பரமும், இளையோரை ஈர்க்கக்கூடியது என்று நியாயமாகக் கருதத் தக்க விளம்பரமும் முற்றிலும் கூடாது. அந்தச் சட்டத்தின் கீழ் 2000-இல் வந்த விதிகள் பாக்கெட்டின் பாதிப் பரப்பில் படத்தோடு எச்சரிக்கை கேட்டன, அதன் கீழ் ஹெல்த் கனடா என்ற பெயரும் இடம்பெற முடிந்தது.

நிறுவனங்கள் மீண்டும் வழக்குத் தொடுத்தன. 2007 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒருமித்த தீர்ப்பில் சட்டம் முழுவதையும் நிலைநிறுத்தியது. எழுதியவர் அதே மெக்லாக்லின், இப்போது தலைமை நீதிபதி. விளம்பரம் கருத்துரிமைக்குள் வருகிறது என்பதில் அவர் மாறவில்லை. ஆனால் அடிமைப்படுத்திக் கொல்லும் பொருளுக்கு ஆள் சேர்க்கும் பேச்சின் மதிப்பு குறைவு, தடுப்பதால் காப்பாற்றப்படும் உயிர்களின் மதிப்பு பெரிது என்றார். 1995-க்குப் பிறகு சான்றுகள் வலுத்திருந்தன. 2005-இல் நடைமுறைக்கு வந்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையும் விளம்பரத் தடையை உறுப்பு நாடுகளின் கடமையாக்கியிருந்தது. பாதிப் பாக்கெட் எச்சரிக்கைக்குப் போனாலும் மீதிப் பாதியில் நிறுவனம் பேசலாமே என்பது எச்சரிக்கை பற்றிய வாதத்துக்கு அவருடைய பதில். புகைப்பவரும் புகைக்கத் தொடங்கக்கூடிய இளைஞரும்தான் இந்தத் தீர்ப்பில் கேட்பவர்கள். அவர்களுக்குப் பயன்படும் தகவல் தடுக்கப்படவில்லை.

ஆஸ்திரேலியாவின் பாதை தனி. அங்கே அரசியல் சாசனத்தில் பொதுவான பேச்சுரிமைப் பிரிவு இல்லாததால் வழக்கு சொத்துரிமையின் பெயரில் வந்தது. 2011 சட்டம் எல்லாப் பாக்கெட்டுகளையும் மங்கிய கரும்பழுப்பு நிறத்துக்குக் கொண்டுவந்து, பிராண்ட் பெயரை ஒரே எழுத்துருவில் சிறிதாக அச்சிடச் சொன்னது. தங்கள் வணிகச் சின்னங்களை அரசு பறித்துக்கொண்டது என்றன நிறுவனங்கள். பயன்படுத்த விடாமல் தடுப்பது வேறு, அரசு தானே எடுத்துக்கொள்வது வேறு என்று 2012-இல் உயர் நீதிமன்றம் 6-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் பிரச்சினைக்கு இன்னொரு கோணம் உண்டு. அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமை குடிமக்களுக்கு மட்டும் உரியது, கம்பெனி குடிமகன் அல்ல. 1972-இல் பென்னட் கோல்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பங்குதாரரும் ஆசிரியரும் தங்கள் உரிமையைக் கோரி மனுதாரராக வந்தால் போதும் என்று வழி காட்டியது. விளம்பரத்தைப் பொறுத்தவரை 1959-இன் ஹம்தர்த் தவாகானா தீர்ப்பு மாயமருந்து விளம்பரங்களைப் பேச்சுரிமைக்கு வெளியே நிறுத்தியது. 1995-இல் டாடா பிரஸ் தொலைபேசி மஞ்சள் பக்க வழக்கு அதைச் சுருக்கி, வணிக விளம்பரமும் பேச்சே என்றது. வர்ஜீனியா மருந்துக் கடை வழக்கின் தர்க்கத்தை எடுத்துக்கொண்டு, தகவலைப் பெறும் பொதுமக்களின் உரிமையையே காரணமாகவும் காட்டியது.

இதனால் ஒரு சிக்கல் வந்தது. 19(2) பிரிவு பேச்சைக் கட்டுப்படுத்தக்கூடிய காரணங்களைப் பட்டியலிடுகிறது: நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, கண்ணியம், அவதூறு என்று போகும் அந்தப் பட்டியலில் பொதுச் சுகாதாரம் இல்லை. தொழில் உரிமைக்கான 19(6) பிரிவிலோ பொதுநலன் என்ற விரிந்த சொல் இருக்கிறது. எனவே புகையிலை விளம்பரம் பேச்சா, தொழிலின் பகுதியா என்பது இங்கே வெறும் ஏட்டு விவாதம் அல்ல. எந்தப் பெட்டியில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து வழக்கின் முடிவே மாறக்கூடும். நீதிமன்றங்கள் பெரும்பாலும் உயிர் வாழும் உரிமையைத் தரும் 21-ஆம் பிரிவைத் துணைக்கு அழைத்து இதைக் கடந்திருக்கின்றன.

2003-இன் புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 5-ஆம் பிரிவு நேரடி விளம்பரம், மறைமுக விளம்பரம், நிகழ்ச்சிகளுக்கு நிதியாதரவு ஆகியவற்றைத் தடுத்தது. 1990-களில் இந்திய கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் வில்ஸ் என்ற பெயர் இருந்ததை அந்தத் தலைமுறையினர் மறக்க மாட்டார்கள். சட்டம் வருமுன்பே, 2001-இல், வில்ஸ் சிகரெட்டின் உற்பத்தியாளரான ஐ.டி.சி. அந்த ஆதரவிலிருந்து விலகியது. விட்டுவைக்கப்பட்ட இடம் பெட்டிக்கடை வாசல். 2005 திருத்த விதிகளின்படி அங்கே வைக்கும் பலகை 60 செ.மீ.க்கு 45 செ.மீ. அளவைத் தாண்டக் கூடாது, பின்னால் விளக்கு எரியக் கூடாது, என்ன வகைப் புகையிலைப் பொருள் கிடைக்கும் என்பதைத் தவிர பிராண்ட் பெயரோ பாக்கெட் படமோ இருக்கக் கூடாது. இது ஏறத்தாழ தூய தகவல் பலகை. பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விதிகளுக்கு விதித்த இடைக்காலத் தடை 2013 வரை நீடித்தது, அதுவரை பளபளக்கும் பலகைகள் கடைகளில் தொங்கின. 5-ஆம் பிரிவின் விளம்பரத் தடையை மீறினால் முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெரிய நிறுவனத்துக்கு 1,000 ரூபாய் எதையும் தடுக்காது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஏலக்காய், பான் மசாலா என்ற பெயரில் அதே எழுத்துருவோடும் நிறத்தோடும் வரும் பதிலி விளம்பரங்கள் அந்த ஓட்டையில்தான் வளர்ந்தன.

பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை என்ற விதியை 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது, 85 சதவீதம் நிலைத்தது.

திரைப்பட விதிகள் இவற்றிலிருந்து வேறுபட்டவை. அங்கே பேசுகிறவர் சிகரெட் விற்பவர் அல்ல. சுகாதார அமைச்சகம் 2005-இல் திரையில் புகைக்கும் காட்சிகளுக்கும், பத்திரிகைப் படங்களில் தெரியும் பிராண்ட் பெயர்களுக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, இயக்குநர் மகேஷ் பட்டும் சென்னையின் கஸ்தூரி அண்ட் சன்ஸ் நிறுவனமும் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றனர். 2008-இல் இரண்டு நீதிபதிகள் மாறுபட்டார்கள், 2009 ஜனவரியில் மூன்றாவது நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் திரைப்பட விதிகளைச் செல்லாதவை என்றார். உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. 2012 அக்டோபர் முதல், புகைக்கும் காட்சி உள்ள படங்களில் தொடக்கத்திலும் இடைவேளையிலும் சுகாதாரக் குறும்படம், காட்சியின் அடியில் எச்சரிக்கை வரி என்பது நடைமுறை. 2013-இல் வூடி ஆலன் அந்த வரியை ஏற்க மறுத்து, தன் ‘ப்ளூ ஜாஸ்மின்’ படத்தை இந்தியாவில் வெளியிடாமல் விட்டார்.

கனடாவின் 1997 சட்டம் இந்த இடத்தில் தெளிவாகப் பிரித்தது. இலக்கியம், நாடகம், திரைப்படம், ஆய்வு போன்ற படைப்புகளில் புகையிலை வந்தால், அதற்காக நிறுவனம் எதுவும் தராத வரையில் தடை கிடையாது. காசு கைமாறியதா என்பதே கேள்வி. காசு வாங்கிய காட்சி விளம்பரம், வாங்காத காட்சி கலை. லா ஃபாரஸ்ட் சொன்ன மையத்துக்கு வெகு அருகில் நிற்பது அந்தக் கலை. இந்திய விதிகள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. தன் கதாபாத்திரம் புகைக்க வேண்டும் என்று நினைக்கும் இயக்குநருக்கும், புகைக்கும் காட்சிக்காகப் பணம் பெற்றவருக்கும் அடியில் ஓடும் வரி ஒன்றே. 2023 செப்டம்பர் முதல் அதே விதிகள் இணையவழித் திரைத் தளங்களுக்கும் பொருந்துகின்றன.